எலும்பைத் தூக்கிப் போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல் என்று வழக்கம்போல ஆரம்பிக்க இந்த முறை கை வரவில்லை. மூன்று வாரமாக உன்னிடமிருந்து போன் இல்லை. நேற்று முன்தினம் இரவு ஒரு மணிக்கு ஒரே ஒரு வரி வந்தது: "அம்மா ஒரு கோழிய வச்சு நாலு நாள் எப்படி ஓட்டுனாங்க?" அவ்வளவுதான். காலையில் பார்த்துவிட்டு இரண்டு தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சமையலறைப் பக்கமே எட்டிப் பார்க்காதவன் நீ. தண்ணீர் குடிக்கக்கூட அக்காவைக் கூப்பிடுவாய். அப்படிப்பட்டவன் நடுராத்திரியில் கோழிக் கணக்குக் கேட்கிறாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து இன்னும் பத்து நாள். அக்கா வந்து இருந்துவிட்டுப் போனாள். மற்றபடி சேதி ஒன்றும் இல்லை.

முதலில் கோழி. நீங்கள் நாலு பேர், அதில் இரண்டு பேர் சின்னவர்கள். ஒன்றரைக் கிலோ கோழி போதும். கறியாகப் பிரித்தெடுத்தால் அதில் பாதிகூடத் தேறாது, மீதி எலும்பும் தோலும்தான். அதனால்தான் உன் அம்மா எலும்பையும் கறிக் கணக்கிலேயே சேர்ப்பாள். பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவாதே. தெறிக்கிற தண்ணீரில் கிருமி சுற்றியிருக்கும் பாத்திரத்தில் எல்லாம் போய் உட்காரும். ஈரத்தைத் துடைத்துவிட்டு உப்பு, மிளகு தடவினால் போதும். அடியில் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் பரப்பிவிட்டால் வழிகிற கொழுப்பெல்லாம் அதில் இறங்கும். பிள்ளைகள் கறியைவிட அந்தக் கிழங்கைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடும். ஓவன் 190 டிகிரி, ஒன்றேகால் மணி நேரம் ஆகும். வெப்பமானி இருந்தால் தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்திப் பார். 74 டிகிரி காட்ட வேண்டும். எடுத்தவுடன் வெட்டாதே. கால் மணி நேரம் சும்மா விடு. இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற சாறெல்லாம் பலகையில் ஓடிவிடும்.

இனிமேல்தான் உன் அம்மாவின் சூட்சுமம். முழுக் கோழியை மேஜைக்குக் கொண்டு வரவே மாட்டாள். முழுசாக வந்தால் முழுசாகப் போய்விடும் என்பாள். அடுப்படியிலேயே நின்று பிரிப்பாள். தொடையும் காலும் முதல் நாளுக்கு, கிழங்கோடு. நெஞ்சுக்கறி இரண்டு பக்கத்தையும் யார் கண்ணிலும் படாமல் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். இறக்கையும் முதுகில் ஒட்டியிருப்பதும் தனி. முதுகுப் பக்கம், தொடை வந்து சேருகிற குழிக்குள் இரண்டு பக்கமும் காசு அளவுக்குக் கொஞ்சம் கறி ஒளிந்திருக்கும், ஞாபகம் இருக்கிறதா? கட்டை விரலால் நெம்பி எடுத்து அக்காவுக்கு ஒன்று, உனக்கு ஒன்று. சூடு தாங்காமல் நீ வாயைத் திறந்துகொண்டு குதிப்பாய். கோழியிலேயே ருசியான இடம் அதுதான். கத்தி அங்கே போகாது, விரல்தான் போகும்.

இரண்டாம் நாள் நெஞ்சுக்கறியில் ஒரு பக்கம். வெட்டாதே, பிய்த்துப் போடு. நார் நாராகப் பிய்த்தால் அதே கறி இரண்டு மடங்காகத் தெரியும். சோற்றோடு வெங்காயம், முட்டைகோஸ், இரண்டு முட்டை சேர்த்துப் பிரட்டி, அடுப்பை அணைக்கிற நேரத்தில் கறியைப் போட்டு நன்றாகச் சூடேறும் வரைக்கும் மட்டும் வை. முதலிலேயே போட்டால் நெஞ்சுக்கறி கயிறு மாதிரி ஆகிவிடும். மூன்றாம் நாள் இன்னொரு பக்கம். அதைச் சூடே பண்ண வேண்டாம், மெல்லிசாகச் சீவி ரொட்டிக்கு நடுவே வைத்துக் கொடு. பள்ளிக்கூட டப்பாவுக்கு அதுவே சௌகரியம். ஆனால் மதியம் வரை டப்பா குளிர்ச்சியாக இருக்க வேண்டும், கூடவே ஒரு ஐஸ் பொட்டலம் வை. நாலாம் நாள் சூப்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சக் கறி ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். நாலு டிகிரி அல்லது அதற்குக் கீழே. மூன்றிலிருந்து நாலு நாள்தான் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் அன்றைக்கே ஃப்ரீசரில் வை, முகர்ந்து பார்த்து முடிவு பண்ணாதே. எடுக்கும்போது அந்த வேளைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துச் சூடாக்கு. சூடாக்கியதைத் திரும்பவும் உள்ளே வைத்து, மறுபடி எடுத்து, மறுபடி சூடாக்குகிற வேலை வேண்டாம்.

சூப்பை நாலாம் நாள் குடித்தாலும் அதற்கான எலும்புச் சாறை முதல் நாள் ராத்திரியே வைத்துவிட வேண்டும். தட்டில் கடித்த எலும்பையும் சேர்க்கலாமா என்று மருமகள் தயங்கலாம். எப்படியும் மணிக்கணக்கில் கொதிக்கப்போகிறது, வீட்டு ஆட்கள் கடித்ததுதானே. உன் அம்மா சேர்ப்பாள். எலும்பு மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர், ஒரு வெங்காயம், வாடின கேரட் ஏதாவது இருந்தால் அது. வெங்காயத்தைத் தோலோடு போட்டால் பொன்னிறம் வரும். நுரை வந்தால் வழித்தெடு. அப்புறம் தீயைக் குறைத்துவிடு. தளதளவென்று கொதித்தால் கலங்கிப் போகும். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும், மூன்று மணி நேரம். வடிகட்டின பிறகும் முதுகெலும்பைத் தடவிப் பார், ஒரு கைப்பிடி கறி நிச்சயம் கிடைக்கும். அதைச் சூப்புக்கு எடுத்து வை. சாறைப் பெரிய பாத்திரத்தோடு உள்ளே தூக்கி வைக்காதே, நடுவில் ஆறவே ஆறாது. சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஆறவிடு. காலையில் பார்த்தால் மேலே மஞ்சளாகக் கொழுப்பு உறைந்திருக்கும், அதுதான் வெங்காயம் வதக்க எண்ணெய். கீழே சாறு அல்வாத் துண்டு போல ஆடும். எலும்பின் மூட்டுகளில் இருக்கிற பசை இறங்கினால்தான் அப்படி ஆடும். ஆடவில்லை என்றால் தண்ணீர் அதிகம் விட்டுவிட்டாய் என்று அர்த்தம். ருசி கொஞ்சம் குறையலாம், மற்றபடி ஒன்றும் இல்லை.

எலும்பைத் தூக்கிப் போடாதே. சாறு வைக்க அன்றைக்கு நேரம் இல்லையென்றால் ஒரு பையில் கட்டி ஃப்ரீசரில் போட்டு வை, அடுத்த கோழியின் எலும்போடு சேர்த்துக்கொள்ளலாம். தூக்கி மட்டும் போடாதே.

பெரியவன் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறானாமே. அக்கா சொன்னாள். எனக்கு நீ சொல்லவில்லை. போகட்டும், அவன் உன் பிள்ளை, வேறெப்படி இருப்பான்? வீட்டுக்கு வருகிற ஆட்களிடமெல்லாம் உன் மார்க் அட்டையை நான் எடுத்துக் காட்டுவேன், நீ கூச்சப்பட்டுக் கதவுக்குப் பின்னால் போவாய்.

தம்பி, கடைசியாக நீ பேசியது ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி. மீட்டிங்குக்கு நடுவே கூப்பிடுகிறேன் என்றாய். பின்னால் ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கண்தான் ஆபரேஷன் பண்ணினது, காது நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கு அந்தச் சத்தம் தெரியும். நீ ஆறாவது படித்த வருஷம் நாலு மாதம் எனக்கு வேலை இல்லை. உங்கள் யாருக்கும் தெரியாது. தினமும் அதே நேரத்துக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். பார்க்கில் ஊஞ்சலுக்கு எதிர் பெஞ்சு. பன்னிரண்டரைக்கே பசித்துவிடும், இருந்தாலும் ஆபீஸில் சாப்பிடுகிற நேரமான ஒன்று அடிக்கும்வரை டப்பாவைத் திறக்க மாட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று தெரியாது, ஆனாலும் திறக்க மாட்டேன்.

அந்த நாட்களில்தான் ஒரு கோழி நாலு நாள் ஓடியது. வீட்டில் பணம் குறைகிறது, ஏன் என்று உன் அம்மா கேட்கவில்லை, கோழியை இழுத்துப் பார்த்தாள். ஒரு காலைத் தொடையோடு எனக்கு மதிய டப்பாவுக்கு எடுத்து வைப்பாள், உழைக்கிற ஆள் என்று. எலும்பை மட்டும் திருப்பிக் கொண்டு வரச் சொல்வாள், சாறுக்கு. ஒருநாள் நீ அந்தக் கால் எனக்கு என்று கேட்டாய். "சம்பாதிக்கிறவனுக்குத்தான் கால்" என்றேன். வேலை போய் ஆறு வாரம் ஆகியிருந்தது அப்போது. நீ ஒன்றும் பேசாமல் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாய். தட்டு மேஜையில் உரசின அந்தச் சத்தமும் எனக்குத் தெரியும்.

உனக்கு நினைவு இருக்காது என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் வீட்டுக்கு வந்தபோது சாப்பிட உட்கார்ந்ததும் நீ முதலில் கோழிக் காலை எடுத்துப் பிள்ளைகள் தட்டில் வைத்தாய். நீ என்னைப் பார்க்கவில்லை. நானும் நிமிரவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் பெஞ்சுக்குக் கீழே ஒரு நாய் வந்து நின்றது, எலும்பை அதற்குப் போட்டுவிட்டேன். (வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து நாயின் தொண்டையில் குத்தும், போடக் கூடாது என்பது அப்போது தெரியாது.) எலும்பு எங்கே என்று உன் அம்மா கேட்டாள். ஆபீஸில் ஒரு நாய் இருக்கிறது என்றேன். என் ஆபீஸ் மூன்றாவது மாடி. அவள் டப்பாவைக் கழுவிக்கொண்டே இருந்தாள், ரொம்ப நேரம் கழுவினாள். மறுநாளிலிருந்து டப்பாவில் கறியை எலும்பில்லாமல் பிய்த்து வைத்தாள். வேலை கிடைத்த அன்று திரும்பவும் எலும்போடு வந்தது. கிடைத்ததையும் நான் சொல்லவில்லை, இத்தனைக்கும். சட்டையில் பேனா மை பட்டிருந்ததைப் பார்த்திருப்பாள்.

அவளிடம் அந்த நாலு மாதத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கடைசிவரை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். பேசவில்லை. மருமகள் டப்பாவில் என்ன வைக்கிறாள் என்று பார்.

எனக்குச் செலவு அதிகம் கிடையாது, உனக்கே தெரியும். இதை இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு நீ வெறும் சாறைக் குடித்துப் படுக்காதே, கிழங்காவது சாப்பிடு. பதினொரு மணிக்கு நான் சும்மாதான் இருப்பேன். போன் பண்ணு. எங்கிருந்து பேசுகிறாய் என்று கேட்க மாட்டேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: சாறுக்கு உப்பைக் கடைசியில் போடு. முதலிலேயே போட்டால் வற்ற வற்றக் கரிக்கும்.