குறட்டை நின்ற நேரம்

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை.

எடி கமலா,

ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பேத்தியின் சாமத்தியச் சடங்குக்கும் வரவில்லை. கோபிப்பதென்றால் இதைப் படித்துவிட்டுக் கோபி.

இவருக்கு மறதி வந்தது. கண்ணாடியை எங்கே வைத்தேன் என்கிற மறதி இல்லை. முப்பது வருஷம் புறக்கோட்டையில் கணக்கு எழுதின மனுஷன், ஒருநாள் 101 பஸ்ஸில் ஏறி, வெள்ளவத்தையில் இறங்காமல் மொரட்டுவை வரைக்கும் போய்விட்டார். கொண்டக்டர் தட்டி எழுப்பிக் கேட்டபோது எங்கே போகவேண்டும் என்று சொல்லத் தெரியவில்லையாம். சட்டைப் பையில் இருந்த துண்டைப் பார்த்து எனக்குக் கோல் எடுத்தார்கள்.

பூமணி ரீச்சர் கடைசிக் காலத்தில் நம்மைப் பார்த்து "நீங்கள் யார் பிள்ளைகள்?" என்று கேட்டாவே, அதுதான் இதுவும் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். வங்கிப் புத்தகம், வீட்டு உறுதிப் பத்திரம் எல்லாவற்றையும் இவருக்குத் தெரியாமல் என் அலுமாரிக்கு மாற்றினேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

டொக்டர் முதலில் தைரொயிட், பி12 எல்லாம் பார்த்தார். பிழை ஒன்றும் இல்லை. பிறகு இவரை விட்டுவிட்டு என்னைக் கேட்டார், "குறட்டை விடுவாரா?"

"கடல் இரையிறதே கேட்காது, டொக்டர்."

"இடையில் நிற்குமா?"

"நின்றால்தானே நான் நித்திரை கொள்ளுவேன்!"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கொரோனாக் காலத்தில் வாங்கின, விரலில் கவ்வுகிற ஒட்சிசன் பார்க்கும் கருவி லாச்சிக்குள் கிடந்தது. பகலில் மாட்டினால் 97. அதைப் பார்த்துத்தானே இவ்வளவு நாளும் நிம்மதியாக இருந்தோம்! அன்று விடியப்புறம் மூன்றரைக்கு மாட்டிவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தேன். குறட்டை நல்ல சுருதியில் போனது, 94. திடீரென்று சத்தம் இல்லை. நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குகின்றன, காற்று மட்டும் போகவில்லை. 91. 88. 84. பிறகு ஒரு திமிறு திமிறி மூச்சை அள்ளி விழுங்கினார். அதற்குப் பிறகும் எண் 82க்கு இறங்கித்தான் ஏறியது. நெஞ்சில் எடுத்த மூச்சு விரலுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் எடுக்குமாம். எனக்குக் கை நடுங்கியது. இத்தனை வருஷமாக "அப்பாடா, நிறுத்திவிட்டார்" என்று நான் திரும்பிப் படுத்த நேரம் அது, கமலா.

நித்திரைச் சோதனையில் மணித்தியாலத்துக்கு 38 தரம் மூச்சுத் தடைப்பட்டதாம். 30ஐத் தாண்டினாலே கடுமை என்பார்களாம். உடம்பின் எடையில் மூளை இரண்டு வீதம்தான், ஆனால் ஒட்சிசனில் ஐந்திலொரு பங்கைத் தின்கிறது. அதிலும் புது ஞாபகங்களைப் பதிகிற இடம், கடற்குதிரை மாதிரி வளைந்திருக்குமாம், ஒட்சிசன் குறைவை அறவே தாங்காது. போதாததற்கு ஒவ்வொரு தரமும் மூளை அரைகுறையாக விழித்துவிடுவதால், பகலில் கண்டது கேட்டது மனதில் ஊறுகிற ஆழ்ந்த நித்திரையும் இல்லை. நான் செய்த புண்ணியத்தைக் கேள்: மனுஷன் களைத்துப்போய் இருக்கிறாரே என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் நித்திரைக்குளிசை வாங்கிக் கொடுத்தேன். அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடுமாம். டொக்டர் என்னைப் பார்த்த பார்வை, கணக்கில் சுழியம் எடுத்த அன்று ரீச்சர் பார்த்த பார்வைதான்.

இப்போது இரவில் மூக்கில் மாஸ்க், அதில் ஒரு குழாய், தலைமாட்டில் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்தபடி வைத்திருக்கிற மெஷின். பிள்ளையார் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். முதல் கிழமை பிடுங்கி எறிந்தார், நானும் அழுதேன். இரண்டு மாதமாகிறது. பகலில் தூங்கி விழுவது நின்றுவிட்டது. மறதி முழுக்கப் போகும் என்று டொக்டர் சொல்லவில்லை, பார்ப்போம் என்கிறார். சில பெயர்கள் இன்னும் வருவதில்லை. போன கிழமை என் அலுமாரியைத் திறந்து, "உறுதி ஏன் இங்கே இருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் தேத்தண்ணீர் போடப் போய்விட்டேன்.

நீயும் விடுதியில் குறட்டை விட்டு மேல்மாடியையே எழுப்பினவள்தான். தனியாகப் படுக்கிறாய், யார் கேட்பது? சின்னவள் லீவுக்கு வரும்போது ஒரு இரவு உன் அறையில் படுக்கச் சொல்லு. அவள் சிரித்தால் சிரிக்கட்டும், இடையில் நிற்கிறதா என்று மட்டும் கேட்டு எழுது.

கறுத்தக்கொழும்பான் மா காய்த்திருந்தால் ஆரிடமாவது கொடுத்துவிடு. போன வருஷம் நீ அனுப்பினது பதினாறு, இரண்டு அழுகல் என்று இவர் சொல்கிறார். எனக்கு ஞாபகம் இல்லை.

உன்,
ராஜி