மெயின் வயரை வெட்டாதே

அன்பு மகளுக்கு,

கார் திருடுபோகாமல் இருக்க, ஃப்யூவல் பம்புக்கு ஒரு ரகசிய சுவிட்ச் வைக்கப்போவதாகச் சொன்னாய். நல்ல யோசனைதான். ஆனால் பம்புக்குப் போகும் மெயின் வயரை வெட்டி நடுவில் சுவிட்சைக் கோக்கிற எண்ணத்தை மட்டும் விட்டுவிடு.

பம்ப் ஓடும்போது ஐந்து ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அது முழுவதும் நீ வைக்கிற சின்ன சுவிட்ச் வழியாகவே போக வேண்டும். நாளாக ஆக உள்ளே கான்டாக்ட் கருகும், வோல்டேஜ் குறையும், வண்டி திணறும். அப்போது எல்லாரும் பம்பைத்தான் குறை சொல்வார்கள். சுவிட்சை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

ஃப்யூஸ் பாக்ஸில் பம்ப் ரிலேயைத் தேடு. சின்ன கரண்டால் பெரிய கரண்டை ஆன், ஆஃப் செய்கிற சிறு பெட்டி அது. பெரும்பாலும் அதன் கால்களில் 30, 87, 85, 86 என்று எண் போட்டிருக்கும். பம்பின் கரண்ட் போவது 30, 87 வழியாக. 85, 86 இரண்டும் காயில், அதாவது ரிலேயை இயக்கும் கம்பிச்சுருள்; அதற்குக் கரண்ட் போகாவிட்டால் பம்பும் ஓடாது. காயிலுக்குக் கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. அந்தக் காயில் வயர் ஒன்றில் சுவிட்சை வை. மெல்லிய வயரே போதும், சுவிட்சும் சூடாகாது. எண் இல்லையென்றால் ரிலேயைக் கழற்றி மல்டிமீட்டரில் பார்: காயில் கால்களுக்கு நடுவே நூறு ஓம் அளவில் ஏதாவது காட்டும். ஒரே வயரில் வேறு ரிலேக்களும் தொங்கிக்கொண்டிருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்.

கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. வயரை முறுக்கி டேப் சுற்றுவது வேண்டவே வேண்டாம், சால்டர் பண்ணி ஹீட் ஷ்ரிங்க் டியூப் போடு. டேங்க் பக்கத்தில் எந்த ஜாயின்டும் வைக்காதே.

சுவிட்சை முழங்காலோ கைப்பையோ படாத இடத்தில் வை. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன். ஓடுகிற வண்டியில் அது தட்டுப்பட்டால் எஞ்சின் அணைந்துவிடும். பிறகு ஸ்டீயரிங் கனக்கலாம். பிரேக் ஓரிரண்டு முறை எப்போதும்போலப் பிடிக்கும், அப்புறம் காலால் பலமாக அழுத்த வேண்டியிருக்கும். மூடி போட்ட சுவிட்ச் கிடைத்தால் அதையே வாங்கு.

இன்னொன்று. சுவிட்சை அணைத்த பிறகும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகலாம். பைப்பில் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் சில நொடி ஓடி நின்றுவிடும். வேலை சரியாக நடக்கவில்லையோ என்று பயந்து மறுபடி எல்லாவற்றையும் பிரிக்காதே. திருடன் தெருமுனை வரை போகலாம், அவ்வளவுதான்.

சர்வீசுக்கு விடும்போது சுவிட்சை ஆன் செய்துவிட்டுக் கொடு. இல்லாவிட்டால் உன் பம்பைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள்.

எந்த வயர் என்று முடிவானதும் ரிலேயையும் அந்த வயரையும் படமெடுத்து அனுப்பு. வெட்டுவதற்கு முன்னால் அனுப்ப வேண்டும், வெட்டிய பிறகு இல்லை.

அன்புடன்,
அப்பா