தம்பிக்கு, 800 மீட்டர் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வாய்ஸ் நோட் அனுப்பினால் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, ஒரு கட்டைவிரலைப் போட்டு முடித்துவிடுவாய். அதனால் இங்கே எழுதுகிறேன். யார் பெயரும் போடவில்லை, பயப்படாதே. இந்தக் கடிதம் தேவைப்படுகிற தம்பிகள் நம் ஊரில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

குறுவட்டப் போட்டியில் 800 மீட்டரில் முதலாவதாக வந்த உன் மகளை மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று சவூதி தம்மாமிலிருந்து ஒரு வரி அனுப்பினாய். "பெரிய பிள்ளை ஆயிட்டா, தீனுக்கு ஆகாது." மார்க்கத்துக்கு ஒத்துவராது என்கிறாய், அவ்வளவுதான். மச்சி, அவள் உம்மா, அதை அவளுக்குப் படித்துக் காட்டினாள். அவள் அழவில்லை. ஷூவைக் கழற்றி, உள்ளே இருந்த மண்ணைத் திண்ணை ஓரத்தில் தட்டிக் கொட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்தாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லிவிட்டு நானும் என் வேலையைப் பார்த்திருப்பேன்.

சரி, தீனிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஆயிஷா நாயகி தம் கணவரான ரசூலுல்லாவோடு, அதாவது நபிகளோடு, ஓட்டப்பந்தயம் ஓடியது அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. மதரஸாவில் நாம் இருவரும் கேட்டதுதான். ஒரு பயணத்தில் ஓடினார்கள், ஆயிஷா நாயகி முந்தினார். பின்னொரு காலம், உடம்பு கொஞ்சம் சதை போட்ட பிறகு மறுபடி ஓடினார்கள், நபிகள் முந்தினார்கள். "அதற்கு இது" என்றார்கள். தோற்ற ஓட்டத்தை இத்தனை நாள் மனதில் வைத்திருந்து திருப்பிக் கொடுத்த அந்த விளையாட்டுத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியும். கூட வந்தவர்களை முன்னால் போகச் சொல்லிவிட்டு, யாரும் பார்க்காத இடத்தில் அல்லவா ஓடினார்கள் என்பாய். உண்மைதான், அப்படியும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அதை மறைத்துவிட்டு உன்னோடு வாதாட மாட்டேன். ஆனால், பார்க்கிற கண்தான் பிரச்சினை என்றால் அது பஸ் ஸ்டாண்டிலும் இருக்கிறது, டியூஷன் போகிற தெருவிலும் இருக்கிறது. அங்கெல்லாம் போக வேண்டாம் என்று நீ சொல்லவில்லையே. உடம்பை மறைத்துக்கொண்டு போகச் சொன்னாய், போகிறாள். மைதானத்துக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

நீ இருக்கிற நாட்டையே பார். 2012 லண்டன் ஒலிம்பிக் வரை சவூதி ஒரு பெண்ணைக்கூட ஒலிம்பிக்குக்கு அனுப்பியதில்லை. அந்த வருஷம்தான் முதன்முதலாக இரண்டு பேர் போனார்கள். ஜூடோவில் வோஜ்தான் ஷஹர்கானி. அவருடைய ஆட்டம் 82 வினாடியில் முடிந்துபோனது. இன்னொருவர் சாரா அத்தார். அவருக்கு என்ன போட்டி தெரியுமா? 800 மீட்டர்தான். தலையை மூடி, முழுக்கைச் சட்டை போட்டு, கால் முழுக்க மறைத்துக்கொண்டு ஓடினார். கடைசி இடம். முதலாவதாக வந்தவர் எல்லைக்கோட்டைத் தாண்டி நாற்பது வினாடிக்கு மேல் ஆன பிறகும் அவர் ஓடிக்கொண்டிருந்தார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவர் எடுத்த நேரம் 2 நிமிடம் 44.95 வினாடி.

உன் மகள் குறுவட்டத்தில் ஓடியது 2 நிமிடம் 41. பி.டி. டீச்சர் கையில் வைத்திருந்த ஸ்டாப் வாட்ச் கணக்கு, கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். இதைச் சொன்னதும், "அப்ப நான் ஒலிம்பிக்ல கடைசிக்கு முன்னாடி வந்துருப்பேனா மாமி?" என்று கேட்டாள். சிரிப்பதா என்னவென்று தெரியவில்லை.

அந்த ஒலிம்பிக்குக்கு அப்புறம் சவூதியில் என்னென்ன மாறியது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரசுப் பெண்கள் பள்ளிகளில் உடற்பயிற்சி வகுப்புக்கு 2017-இல் அனுமதி. 2018 ஜனவரியில் பெண்கள் கால்பந்து பார்க்க ஸ்டேடியத்துக்குள் போனார்கள். 2022-இல் பெண்களுக்கென்றே கால்பந்து பிரீமியர் லீக். அரசாங்கத்துக்கு இதில் என்ன லாபம் என்பது வேறு கதை, சவூதி செய்வதெல்லாம் மார்க்கம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் நம் ஊரில் எதற்கெடுத்தாலும் "சவூதியிலே இப்படியா விடுறாங்க?" என்று கேட்பார்களே, அந்த வாய்க்கு இப்போது என்ன பதில் என்றுதான் யோசிக்கிறேன்.

அப்புறம், உடுப்பு. இதில்தான் நம் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் இடி. இந்தப் பக்கம் ஓடவே வேண்டாம் என்கிறார்கள். அந்தப் பக்கம் தலைத்துணியை எடுத்துவிட்டு ஓடு என்கிறார்கள். 2011-இல் அம்மானில் ஜோர்டானோடு ஒலிம்பிக் கால்பந்து தகுதிச் சுற்று ஆட இறங்கிய ஈரான் பெண்களை, தலைத்துணிக்காக ஆடவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். கழுத்தை இறுக்கும், ஆபத்து என்பதும் அப்போது சொன்ன காரணங்களில் ஒன்று. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தடையை முழுசாக நீக்க 2014 ஆனது. 2023 பெண்கள் உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு இறங்கினார். அந்த ஆட்டத்தில் தென் கொரியாவை 1-0 என்று ஜெயித்தார்கள். இதெல்லாம் நடந்த பிறகும், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸ் நாட்டு வீராங்கனைகளுக்கு மட்டும் ஹிஜாப் கூடாது என்று அவர்கள் அரசாங்கமே சொன்னது. தொடர் ஓட்டக்காரர் சூன்கம்பா சில்லா தொடக்க விழாவுக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போனார்.

கழுத்து விஷயம் பொய்யில்லை. பின் ஊசி குத்திய துணியோடு ஓடிப் பார்த்தவள் நான். அதனால் உன் மகளுக்கு நானே ஒன்று தைத்தேன். தொழுகைக்குத் தலையில் போடுகிற மக்கனா மாதிரிதான், ஆனால் குட்டை. தாடைக்குக் கீழே மூடித் தைத்து, நெற்றிப் பக்கம் எலாஸ்டிக் கொடுத்தேன். பின் ஊசியே கிடையாது. முதலில் காட்டன் துணியில் தைத்தது வேர்வையில் நனைந்து கனத்துப்போய்க் காதை அடைத்தது. கடையில் கேட்டு ஜெர்ஸி தைக்கிற துணியை வாங்கி வந்து இரண்டாவது தைத்தேன். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுக் கண்மாய்க் கரையில் ஒரு வாரம் ஓடினாள். நானும் பின்னால் போனேன். ஓடவில்லை, நடந்தேன். ஆயிஷா நாயகிக்குச் சதை போட்ட கதைதான் எனக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். இப்படி மூடிக்கொண்டு ஓடுகிறவள்தான் நல்ல முஸ்லிம் என்று நான் எழுதுவதாக நினைக்காதே. அல்ஜீரியாவின் ஹசிபா பூல்மெர்கா அரைக்கால் சட்டையில் ஓடித்தான் 1992 பார்சிலோனாவில் 1500 மீட்டர் தங்கம் வாங்கினார். அப்படி ஓடியதற்காக அவருக்குக் கொலை மிரட்டல் விட்டார்கள். ஊரில் பயிற்சி எடுக்க முடியாமல் வெளிநாடு போனார். அவருடைய ஈமானை, இறைநம்பிக்கையை, அளக்க என்னிடம் படி இல்லை. உன் மகளுக்கு மக்கனா வேண்டும் என்று அவளே கேட்டாள், தைத்தேன். கேட்காவிட்டாலும் அவள் கூடவே போயிருப்பேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை, ஒன்பதாவது படிக்கும்போது நானும் ஓடினேன். சுடிதார் ஷாலைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு, 400 மீட்டரில் இரண்டாவது. என்னை நிறுத்தியது பள்ளிவாசல் ஹஜ்ரத் இல்லை. வாப்பாவும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கல்யாண வீட்டில் சோறு உண்கிற இடத்தில் யாரோ உம்மாவிடம், "ஆம்பளப் பிள்ளை மாதிரி ஓடுறாளாமே" என்றார்கள். அதோடு சரி. அந்தச் சான்றிதழ் இன்னும் பீரோவில், பட்டுச் சேலைக்கு அடியில் அந்துருண்டை வாசத்தோடு கிடக்கிறது. யார் சொன்னார்கள் என்று உம்மாவிடம் பிற்பாடு கேட்டேன். உம்மாவுக்கே மறந்துவிட்டது.

மாவட்டப் போட்டி வருகிற வியாழக்கிழமை. ராமநாதபுரத்துக்கு முதல் பஸ்ஸில் நானே கூட்டிக்கொண்டு போகிறேன், மதியம் லுஹர் தொழுகைக்குள் திரும்பிவிடலாம் என்று டீச்சர் சொன்னார். பெற்றோர் ஒப்புதல் படிவத்தில் மச்சி கையெழுத்துப் போடலாம்தான். ஆனால் வாப்பா கையெழுத்து இருந்தால்தான் வருவேன் என்கிறாள் உன் மகள். படிவத்தை ஃபோட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, திரும்ப அனுப்பு. புதன்கிழமை நாலு மணிக்குள் பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும், நம்ம ஊர் நேரம்.

உன் லாத்தா