கிக்கரை மிதிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் தங்கள் முதல் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதிவருவது படிக்கச் சுவையாக இருக்கிறது. அதில் பாதிப் பேர் ஒரே மாதிரிதான் முடிக்கிறார்கள்: "வண்டி இன்னும் வீட்டுப் பின்புறம் நிற்கிறது, ஒருநாள் கிளப்பிப் பார்க்க வேண்டும்." அந்த ஒருநாளில்தான் பல நல்ல வண்டிகள் செத்துப்போகின்றன. பத்து வருடம் நின்றதால் கெட்டதைவிட, பத்தாவது வருடம் ஆசையாய் மிதித்த முதல் மிதியில் கெட்டதுதான் அதிகம்.

அதற்குமுன் ஒரு திருத்தம். படக்குறிப்பு ஒன்றில் யெஸ்டியை 'இரட்டை சிலிண்டர்' என்று போட்டிருந்தீர்கள். மைசூர் ஐடியல் ஜாவா ஆலையிலிருந்து வந்த 250 சி.சி. யெஸ்டிக்கு சிலிண்டர் ஒன்றுதான். ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர் வைத்ததால் வந்த குழப்பம் அது. அதன் கியர் லீவரை உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் அதுவே கிக்கர். அதே லீவர் கியர் மாற்றும்போது கிளட்சையும் சேர்த்து இயக்கும் என்பதால், கையால் கிளட்ச் பிடிக்காமலே கியர் போடுவார்கள். வேறு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் இதில் ஏறி, கிக்கர் எங்கே என்று தேடியது உண்மை.

புல்லட் பற்றி எழுதியவர்கள் ஆம்பியர் மீட்டரைக் குறிப்பிட்டார்கள், அது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. திருவொற்றியூரில் 1955-ல் தொடங்கிய எண்ஃபீல்டு இந்தியாவின் பழைய 350-ல் பாயின்ட் (பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் மின் தொடர்பு) மூடியிருக்கும்போது ஆம்பியர் மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும். கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால், பாயின்ட் திறக்கும் இடத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரசர் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் ஒரு சிறு அளவு இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மூச்சில் மிதிக்க வேண்டும். பிஸ்டன் உச்சியைத் தாண்டியிருப்பதால் எதிர்த்து உதைக்காது. தீப்பொறி வரும் நேரம் (டைமிங்) முன்னால் தள்ளியிருந்தால் இவ்வளவு செய்தும் கணுக்காலைப் பதம் பார்க்கும். வலப்பக்கம் கியர், இடப்பக்கம் பிரேக், முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே என்ற அந்தப் புல்லட்டை இன்றைய வண்டி ஓட்டிப் பழகியவரிடம் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுப்பது உயிர்காக்கும். அவர் வலது காலால் பிரேக் என்று மிதிப்பது கியராக இருக்கும்.

நெடுநாள் நின்ற புல்லட்டுக்குத் தனியாக ஒரு நோய் உண்டு. எண்ணெய்த் தொட்டியில் இருக்க வேண்டிய ஆயில், பம்பின் தேய்மானம் வழியே சொட்டுச் சொட்டாகப் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்கு இறங்கிவிடும். அப்படியே கிளப்பினால் சைலன்சர் வழியே புகை மண்டும், மூச்சுக் குழாய் வழியே ஆயில் கொட்டும். கிராங்க் அறையின் வடிகால் நட்டைக் கழற்றி, இறங்கியதை வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்றிய பிறகே மிதிக்க வேண்டும். பழைய மாடலில் டேப்பட் (வால்வு இடைவெளி) சரிபார்ப்பது எளிது: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, வால்வு மூடிய நிலையில், வால்வை இயக்கும் கம்பியான புஷ்ராடு விரலால் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

இனி, உங்கள் வாசகர்களில் அதிகம் பேர் எழுதிய யமஹா ஆர்.எக்ஸ். 100. எஸ்கார்ட்ஸ் வழியே 1985 இறுதியில் வந்து 1996-ல் நின்ற வண்டி. போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 50 மி.மீ., 98 சி.சி., 11 குதிரைத்திறன். அந்த எடைக்கு அந்தத் திறன் என்பதால்தான் இன்றும் பேசுகிறோம். நிறைய நிற்பதும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியே 10 முதல் 15 மில்லி டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) ஊற்றி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். ஓட்டையைத் துணியால் மூடிவையுங்கள், பல்லி முதல் குளவி வரை எதுவும் உள்ளே குடியேறும். பிறகு சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, நான்காவது கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெதுவாக அசைக்க வேண்டும். கிக்கர் வேண்டாம். காரணம் இது: ஈரத்தில் நின்ற வண்டியில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவேறி போரில் ஒட்டியிருக்கும். ரிங்கின் இரண்டு முனைகளையும் பிஸ்டனில் உள்ள சிறு ஊசி பிடித்திருக்கிறது. மிதித்த வேகத்தில் முனை உடைந்தால், துண்டு எக்ஸாஸ்ட் வாயில் மாட்டி போரை மேலிருந்து கீழாக உழுதுவிடும். கையால் அசைத்தால் ஒட்டியது விடும், விடாவிட்டாலும் எதுவும் உடையாது. விடவே இல்லை என்றால் நான்கு நட்டைக் கழற்றி ஹெட்டைத் திறந்து, மீண்டும் ஆயிலில் ஊறவைக்க வேண்டும். பிஸ்டன் தலையில் இரும்புச் சுத்தியலால் தட்டுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

அடுத்து டேங்க். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும், அதை முழுக்க வடியுங்கள். உள்ளே டார்ச் அடித்தால் செந்துரு தெரியும். டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் 'காக்'கைக் கழற்றி ஓட்டையை அடைத்து, வினிகர் ஊற்றி ஒரு இரவு வைத்து, சிறு நட்டுகளைப் போட்டுக் குலுக்கினால் துரு பெயரும். நட்டுகளை எண்ணிப் போட வேண்டும்: இருபது போட்டால் இருபதும் வெளியே வர வேண்டும். பிறகு தண்ணீரில் ஆப்பசோடா கலந்து அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, உடனே கொஞ்சம் டூ-டி ஆயில் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றிவிட வேண்டும். காய்ந்த வெறும் தகடு மறுநாளே மறுபடி துருப்பிடிக்கும்.

கார்பரேட்டரில் முதலில் அடைபடுவது பைலட் ஜெட், அதாவது ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு துளை. சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகும், சோக்கை எடுத்தால் அணையும், ஐட்லிங் நிற்காது என்றால் அதுதான். அந்த ஓட்டையில் ஊக்கு விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிதாகி, அந்த ஜெட் குப்பைக்குத்தான். மின்வயரின் ஒற்றைச் செம்பு இழையும் கம்ப்ரசர் காற்றும் போதும். முறுக்கும்போது பெட்ரோல் விடும் மெயின் ஜெட்டின் அடைப்பு இன்னும் ஆபத்தானது. ஐட்லிங்கில் நன்றாக இருக்கும், முறுக்கினால் இழுக்காது. பெட்ரோல் குறைந்து காற்று அதிகமாகி, பிஸ்டன் சூடேறி ஜாம் ஆகும். ஏர் ஸ்க்ரூவை மென்மையாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து அங்கிருந்து சரிபார்க்கலாம்.

இந்த வண்டியைக் கொன்ற பெருமை பெரும்பாலும் ஆயில் பம்புக்குத்தான், அதாவது அதைக் கவனிக்காதவர்களுக்கு. யெஸ்டியில் லிட்டருக்கு 40 மில்லி ஆயிலை டேங்கிலேயே கலந்து ஊற்றினார்கள், அதில் மறதி தெரிந்துவிடும். ஆர்.எக்ஸில் ஆயில் தனித் தொட்டி, பம்பு தானாக அனுப்பும். பல வருடம் நின்ற வண்டியில் குழாயெல்லாம் காற்று. வண்டி கிளம்பும், நன்றாகவே ஓடும், நான்கைந்து கிலோமீட்டரில் பிஸ்டன் பிடிக்கும். அதனால் முதல் இரண்டு லிட்டர் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயிலைக் கூடுதலாகக் கலந்துகொள்ளுங்கள். பம்பில் உள்ள சிறு திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் ஆயில் வடியும்வரை விட்டு மூடுங்கள். பம்பு கேபிள் ஆக்சிலேட்டரோடு சேர்ந்து இழுக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். புகை கொஞ்சம் அதிகமாக வரும், வரட்டும்.

கிளம்பிய பிறகு காது கொடுக்க வேண்டியது, கிராங்க் அறையைக் காற்றுப் புகாமல் அடைக்கும் கிராங்க் சீலுக்கு. ரப்பர் சீல் நின்றே காய்ந்துவிடும். இடப்பக்க மேக்னெட் சீல் போனால் காற்றை உறிஞ்சும்: ஆக்சிலேட்டரை விட்டும் எஞ்சின் சத்தம் இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கும். வலப்பக்க கிளட்ச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சும்: வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். முதல் அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்துங்கள்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க, அதாவது போர் அடிக்க, வேண்டி வந்தால் முதலில் பிஸ்டனை வாங்கி, அதை லேத்துப் பட்டறையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கு ஏற்பப் போர் அடிக்கச் சொல்ல வேண்டும். 0.25, 0.50 மி.மீ. என்று ஓவர்சைஸ் (கூடுதல் அளவு) அட்டையில் போட்டிருப்பதை நம்பி முதலில் போரை அடித்துவிட்டு, பிறகு பிஸ்டன் வாங்கப் போகிறார்கள். பிஸ்டனுக்கும் போருக்கும் இடையில் இருக்க வேண்டியது தலைமுடித் தடிமனைவிடக் குறைவு. இன்று கடையில் கிடைக்கும் பெயரில்லாத பிஸ்டன்களில் அந்த அளவு அட்டைக்கு அட்டை மாறுகிறது. புதுப் போருக்கு முதல் 500 கிலோமீட்டர் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் வேண்டாம், ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போவதும் வேண்டாம்.

சைலன்சரின் வால் பக்கம் ஒரு திருகைக் கழற்றினால் உள்குழாய் வெளியே வரும். கரி படிந்து அடைத்திருந்தால் அதைச் சுட்டு, ஆறவிட்டுத் தட்டிச் சுரண்டி, திரும்ப மாட்ட வேண்டும். சத்தத்துக்காக அதைத் தூக்கி எறிகிறவர்கள் கீழ்வேக இழுவையைத் தொலைத்துவிட்டு, "பழைய பிக்கப் இல்லை" என்று குறைசொல்கிறார்கள்.

இப்போதைய பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இந்த வண்டிகளின் காலத்தில் கிடையாது. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை ஊதவைக்கும், கலவையையும் சற்று மெலியவைக்கும். பெட்ரோல் டியூபையும் காக் வாஷரையும் புதிதாகப் போடுங்கள். சில கிலோமீட்டர் ஓட்டிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: வறுத்த காபிக்கொட்டை நிறம் என்றால் சரி, வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு அளவு கூட்ட வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் காக்கை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிடுங்கள்.

டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு: 2312 என்றால் 2012-ன் 23-வது வாரம். பிரேக் டிரம்மையும் திறந்து பாருங்கள், நின்ற வண்டியில் ஷூவிலிருந்து லைனிங் தனியே பெயர்ந்து கிடக்கும்.

கடைசியாக, எஞ்சினைவிட அதிகம் பேரைத் தடுமாறவைப்பது காகிதம். சொந்த வண்டியின் ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 ஆண்டுக்குத்தான். அதன்பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் படிவம் 25-ல் புதுப்பிக்க வேண்டும். அப்பா பெயரில் இருந்து அவர் காலமாகியிருந்தால் அதற்குமுன் படிவம் 31-ல் பெயர் மாற்ற வேண்டும். 'வின்டேஜ்' என்று பதிவுசெய்யலாம் என்கிறார்கள் சிலர். 2021 விதிப்படி அதற்கு வண்டிக்கு 50 வயது ஆக வேண்டும், அதில் அன்றாடம் போய்வரவும் முடியாது. ஆர்.எக்ஸ். 100-க்கு அந்த வயது இன்னும் வரவில்லை.

வண்டியைப் பெயின்டுக்குக் கொடுக்கும் முன் சேஸிஸ் எண் மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலால் தேய்த்து ஒரு பிரதி எடுத்து ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எண்ணுக்கும் அப்படியே. பிறகு அந்த இடங்களில் தடித்த டேப்பை ஒட்டிவிட்டுத்தான் ஃபிரேமைக் கொடுக்க வேண்டும். பவுடர் கோட்டிங்கில் எண் மூடிப்போய், அதைச் சுரண்டும்போது ஒரு இலக்கம் தேய்ந்தால், நன்றாக ஓடும் வண்டியையும் ஆய்வாளர் திருப்பி அனுப்பிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஈரோடு