நான்கு பிளாஸ்டிக் பைகள் குறித்து ஒரு புகார்

அனுப்புநர்: நோயாளியின் அக்காள், சுங்கை சிப்புட் வட்டாரம், பேராக், மலேசியா.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, மருந்துக்கடை நிறுவனத் தலைமையகம்.

பொருள்: கீமோ எடுக்கும் என் தங்கைக்கு உங்கள் கிளை கொடுத்த வாந்தி மருந்துகளும் உங்கள் 20 வெள்ளி வவுச்சரும்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் கிடைத்தது. "மொழி புரியாததால் ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று எழுதி, கூடவே ஒரு வவுச்சரும் வைத்திருந்தீர்கள். நடந்தது மொழிப் பிரச்சினையே இல்லை. அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன்.

என் தங்கைக்கு வயது 24. ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈப்போவில் கீமோ ஏறுகிறது. இரண்டாவது கீமோ முடிந்து திரும்பியபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்துப் பையை வாடகைக் காடியிலேயே விட்டுவிட்டோம். அது எங்கள் தவறுதான், ஒத்துக்கொள்கிறேன். நல்லவேளையாக மருந்துச் சீட்டின் நகல் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அன்று மாலையே உங்கள் கிளைக்குப் போனார்.

சீட்டில் மூன்று மருந்துகள். ஒண்டான்செட்ரோன் 8 மில்லிகிராம், காலையும் இரவும், மூன்று நாளைக்கு. டெக்சாமெத்தாசோன், காலையில் பசியாறிய பிறகு மட்டும். மெட்டோகுளோப்ரமைட் 10 மில்லிகிராம், குமட்டல் அடங்காவிட்டால் மட்டும். அந்தக் கடைசி வரியின் கீழ் டாக்டர் கோடே போட்டிருந்தார்.

"புள்ளைக்குத் தலையும் சுத்துதாம்" என்று அப்பா கவுண்டரில் சொல்லியிருக்கிறார். உடனே நான்காவதாக ஒரு மாத்திரையும் சேர்ந்துவிட்டது. என்ன நோய், வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. மருந்தாளர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். சாப்பிடட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கீமோ நோயாளியின் சீட்டு அவர் கண்ணில் படாமலே மருந்து வெளியே வந்தது எப்படி?

வீட்டுக்கு வந்தது நான்கு ஜிப் பைகள். ஒண்டான்செட்ரோன் அட்டையைப் பெயர் இருக்கும் ஓரம் போகும்படி கத்தரித்திருந்தார்கள். மற்றவை உதிரி மாத்திரைகள். மூன்று பைகளில் பேனாவால் மலாயில் "உந்தோக் முந்தா" (வாந்திக்கு), நான்காவதில் "பெனிங்" (தலைசுற்றல்). டெக்சாமெத்தாசோன் பையில் ஒரு நாளைக்கு 2 முறை என்றும், மெட்டோகுளோப்ரமைட் பையிலும் தலைசுற்றல் பையிலும் 3 முறை என்றும் இருந்தது. "தேவைப்பட்டால்" என்ற சொல் எதிலும் இல்லை. மருந்தின் பெயர் ஒரு பையில்கூட இல்லை.

என் அப்பா முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். பால் நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தாலும் கிராணியிடம் நின்று கேட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவார். பசார் மலாய் பேசுவார், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் செய்வார். முந்தா என்றால் வாந்தி, பெனிங் என்றால் தலைசுற்றல் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். நான் நைட் ஷிப்ட் போயிருந்தேன். அவர் மைலோ டின் மூடியில் மாத்திரைகளை வேளை வாரியாக எடுத்து வைத்து, கைப்பேசியில் அலாரம் வைத்து, உங்கள் பையில் எழுதியிருந்தபடி ஒரு வேளை தவறாமல் கொடுத்தார். தவறே அங்கேதான் இருக்கிறது: அவர் சரியாகப் படித்தார்.

இரவிலும் டெக்சாமெத்தாசோன் போனதால் முதல் இரவு அவள் கண் மூடவில்லை. மறுநாள் இரவு ஒன்பது மணிக்குத் தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கழுத்து பின்னால் வளைந்து, கண்கள் மேலே சொருகி நின்றுவிட்டன. பேச முயன்றால் நாக்கு வெளியே தள்ளியது. சுயநினைவு இருந்தது. அதுதான் கொடுமை. பக்கத்து வீட்டுப் பாட்டி காத்துக் கருப்பு என்று திருநீறு எடுக்க ஓடினார். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு அண்டை வீட்டுக் காடியில் ஏறினார்.

அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து சாப்பிட்டாள்?" அப்பா நான்கு பைகளையும் நீட்டினார். டாக்டர் மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டி, மேலே பொறித்திருந்த எழுத்துகளை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலைசுற்றல் மாத்திரை புரோகுளோர்பெராசின் என்று ஆஸ்பத்திரி மருந்தாளர் வந்துதான் கண்டுபிடித்தார். ஓர் ஊசி போட்ட அரைமணி நேரத்துக்குள் தாடை இறங்கியது.

அந்த மருந்தாளர் விளக்கியது இதுதான்: மெட்டோகுளோப்ரமைட்டும் புரோகுளோர்பெராசினும் மூளையில் டோபமின் என்ற ஒரே இரசாயனத்தை மறிக்கின்றன. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தசை இழுப்பு வரும் ஆபத்து கூடும். இளம் வயதினருக்கு, அதிலும் பெண்களுக்கு, அது எளிதில் வரும். மெட்டோகுளோப்ரமைட் தனியாகக் கொடுத்தாலும்கூட நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. வார்டில் இருக்கும் மிஸ்ஸிக்கும் (தாதிக்கும்) தெரிந்த விஷயம் இது. மருந்து விற்பதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாதா?

ஆஸ்பத்திரிச் செலவு பெரிதில்லை. வந்த நஷ்டம் வேறு. மூன்றாவது கீமோவுக்கு முன் என் தங்கை எந்த வாந்தி மாத்திரையையும் தொட மறுத்துவிட்டாள். ஒண்டான்செட்ரோன் வேறு வகை, செரட்டோனினைத் தடுப்பது, கீமோ ஏறுவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன் என்று டாக்டர் எவ்வளவோ சொன்னார். கேட்கவில்லை. இரண்டு நாள் தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி எடுத்து, டிரிப் ஏற்ற மறுபடியும் ஈப்போவுக்குத் தூக்கிப் போனோம். அப்பாவோ மாத்திரைப் பையைக் கையால் தொடுவதே இல்லை. "நானே என் புள்ளைக்குக் குடுத்துட்டேனேம்மா" என்று இன்னமும் சொல்கிறார்.

கவுண்டரில் இருந்த பெண்ணை வேலையிலிருந்து எடுத்துவிட்டு விஷயத்தை முடித்துவிடாதீர்கள். சின்னப் பெண், சொல்லிக்கொடுத்ததைத்தான் செய்திருக்கும். நான் கேட்பது உங்கள் நிறுவனத்தை. உதிரி மாத்திரை போகும் ஒவ்வொரு பையிலும் மருந்தின் பெயர், அளவு, எதற்கு, எப்போது, அதிகபட்சம் எத்தனை என்று அச்சிட்ட லேபிள் இருக்கவேண்டும். சீட்டில் இல்லாத மாத்திரையைச் சேர்ப்பதற்கு முன் மருந்தாளரே வெளியே வந்து, வேறு என்ன மருந்து ஓடுகிறது என்று கேட்கவேண்டும். ஒண்டான்செட்ரோனும் சில ஆண்டிபயாட்டிக்கும் சேர்ந்தால் இதயத் துடிப்பின் தாளமே மாறக்கூடும் என்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வி சும்மா மரியாதைக்குக் கேட்பது அல்ல. கீமோ நோயாளிக்கு ஒரு தாளும் கொடுங்கள்: தண்ணீரும் தங்காவிட்டாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ மாத்திரை தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும்படி. அதைத் தமிழிலும் அச்சிடுவது உங்களுக்குப் பெரிய செலவு இல்லை.

பக்கவிளைவு குறித்து தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பான என்பிஆர்ஏ-வுக்குப் படிவம் அனுப்பிவிட்டேன். 14 நாளில் உங்கள் மருந்தாளர் கையெழுத்துடன் எழுத்துமூலமான பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன்.

வவுச்சரை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். பைகளின் படங்களையும் மருந்துச் சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். நான்கு பைகளும் என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
நோயாளியின் அக்காள்