கொச்சிக்கு அந்த வீடியோவை அனுப்புவது பற்றி

அன்புள்ள மக்கா,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய எண்ணெய்தான் காரணம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். கட்டையனுக்கு இரண்டாவதும் ஆண்பிள்ளை. நமக்குப் படத்தொழில் காட்டிய ஸ்டுடியோ மாஸ்டர் கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறார். போன வாரம் ஒரு பிரிண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். அதே வசனம்: "கறுப்பு போதாதுல." ஆள் தேறிவிட்டார் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

கொச்சியில் கண்காட்சி ஹாலில் போட வீடியோ எங்கே, வீடியோ எங்கே என்று போனில் உயிரை எடுக்கிறாய். போனில் சொல்லி முடிகிற காரியம் இல்லை இது. முழுவதும் வாசித்துவிட்டுக் கூப்பிடு. பாதியில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன்.

அந்த வீடியோவில் வருகிற அக்கா முதலில் என் ஸ்டுடியோ கடைக்கு வந்தது வீடியோவுக்காக இல்லை. மகளுக்குப் புதுநன்மை (கோயிலில் முதல் நற்கருணை) வருகிறது, மகள் பக்கத்தில் அப்பாவை நிறுத்தி ஒரு படம் வேண்டும் என்று வந்தாள். 2017 நவம்பர் 30-ம் தேதி ஓகி புயல் அடித்தபோது கடலில் இருந்த ஆள் அவளுடைய மாப்பிள்ளை. பிள்ளை அப்போது வயிற்றில். இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை எட்டு ஊரிலும் இந்தக் கதை இருக்கிறது, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். எச்சரிக்கை வந்தபோது பலர் கரைக்கு எட்டாத தூரத்தில் இருந்தார்கள்.

நம் ஊரில் ஒருவர் இறந்தால் பெட்டியைச் சுற்றிக் குடும்பம் மொத்தமும் நின்று படம் எடுக்குமே, நாமும் மாஸ்டரோடு எத்தனை அடக்கத்துக்குப் போயிருக்கிறோம். சின்ன வயதில் எனக்கு அது பிடிக்காது. வெளிநாட்டிலிருந்து வந்துசேர முடியாத மகனுக்கு அந்தப் படம் என்ன என்பது பிறகுதான் புரிந்தது. ஓகியில் உடல் கிடைக்காத வீடுகளில் அந்தப் படமும் இல்லை மக்கா. கல்யாண ஆல்பம், மீனவர் அடையாள அட்டையில் ஒரு முகம். அதோடு சரி.

படம் செய்து கொடுத்தேன். கல்யாண ஆல்பத்திலிருந்து அவரை வெட்டியெடுத்து, வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து விழும்படி சரிசெய்து, வெள்ளை கவுனும் கிரீடமுமாக நின்ற பிள்ளையின் வலதுபக்கம் நிறுத்தினேன். மாஸ்டர் கத்திரியும் பிரஷ்ஷும் வைத்துச் செய்த வேலைதான், இப்போது கம்ப்யூட்டரில். இதில் எனக்குக் கூச்சமே கிடையாது. கல்யாணச் சட்டை போட்ட இளந்தாரி எட்டு வயது மகளின் புதுநன்மைக்கு வந்து நிற்கிறான் என்றால், அது ஒட்டிய படம் என்று வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். யாரும் ஏமாறுவதில்லை. ஆசை மட்டும்தான் அங்கே சட்டம் போட்டுத் தொங்குகிறது.

அதற்குப் பிறகுதான் அவளுடைய தம்பி மகன் போனோடு வந்தான். அடையாள அட்டைப் படத்தை ஏதோ ஒரு ஆப்பில் போட்டிருக்கிறான். முகம் திரும்புகிறது, கண் சிமிட்டுகிறது, சிரிக்கிறது. "அண்ணா, மாமா 'மகளே, நான் உன் கூடவே இருக்கேன்'னு சொல்லுற மாதிரி குரலும் சேர்த்துத் தாங்க. பெரிய டிவியில போட்டு அவளுக்குக் காட்டணும்." நல்ல பையன். பாசத்தில் கேட்கிறான். ஆனால் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ஏன் என்று யோசித்துப் பார். அந்தப் பிள்ளை தகப்பன் குரலைக் கேட்டதே இல்லை. முதன்முதலில் எந்தக் குரலைக் கேட்கிறாளோ அதுதான் அவளுக்கு அப்பா. அவர் வாழ்நாளில் சொல்லாத ஒரு வாக்கியத்தை, அவருடையது அல்லாத ஒரு தொண்டையில் வைத்து நான் கொடுத்துவிட்டால், அதை அவள் மனதிலிருந்து யார் பிறகு எடுப்பது? ஒட்டிய படத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று நீ கேட்பாய், தெரியும். படத்தில் அவர் பக்கத்தில் நிற்கிறார், அவ்வளவுதான். இதில் அவருக்குப் பதிலாக வேறொன்று பேசுகிறது. செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பையனுக்குக் கோபம். காசு கொடுத்தால் மார்த்தாண்டத்தில் செய்து தருவார்கள் என்றான். இன்று அப்படிக் கேட்டு எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அக்கா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். சில நாள் கழித்து ஒரு பழைய போனைக் கொண்டுவந்தாள். போட்டில் அவரோடு தொழில் செய்த ஒருவர் அந்தத் தடவை போகாமல் கரையில் நின்றிருக்கிறார், அவருடைய போன். அதற்கு முந்தின தடவை கடலில் எடுத்த சின்ன வீடியோ ஒன்று அதில் கிடந்தது. நெட்டுக்குத்தாக எடுத்தது, ஆடுகிறது, பாதி நேரம் வானம். என்ஜின் சத்தம், காற்று. ஒரு நொடி அவர் திரும்பி யாரையோ பார்த்துக் கத்துகிறார்: "லேய், சாயாயில சீனி கூட்டிப் போடுல!"

அவ்வளவுதான். பிள்ளை அதைக் கேட்டதும் என்ன செய்தாள் தெரியுமா? சிரித்தாள். அவளும் சாயாவில் சீனி கூட்டிப் போட்டுத்தான் குடிப்பாளாம். "அதுதான் இவளும் இப்பிடி" என்று அக்கா சொல்லிக்கொண்டே மறுபடி போட்டாள், மறுபடி போட்டாள். அந்த ஆப் செய்த அப்பாவுக்கு இந்த வார்த்தை வந்திருக்குமா? எந்த எந்திரத்துக்குத் தோன்றும், சீனி?

நீ பார்த்த வீடியோ அங்கிருந்து வந்ததுதான். காமிராவை ஸ்டாண்டில் நிறுத்தினேன், கேள்வி கேட்கவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா பார்க்கிறாள், அதில் யார் யார் இருக்கிறார்கள், எந்தச் சட்டை யார் வாங்கியது என்று சொல்லிக்கொண்டே போகிறாள். அவள் அழுத இடத்தை எடுத்துவிட்டேன். வெட்டச் சொன்னவள் அவள்தான்.

காற்றுச் சத்தத்தைக் குறைக்கலாமே என்று எழுதியிருந்தாய். குறைத்துப் பார்த்தேன், குரல் தகரம் மாதிரி ஆகிவிட்டது. காற்று இருக்கட்டும், அது அவர் நின்ற இடத்தின் காற்று. மெதுவாக ஓட்டலாம், அந்த அமெரிக்க வீடியோ கலைஞர் பில் வயோலா மாதிரி என்றாயே, அதிலும் எனக்குச் சம்மதமில்லை. வயோலாவை எனக்குக் காட்டியவன் நீ, அந்த நன்றி எப்போதும் உண்டு. 1992-ல் அவர் செய்த நான்ட் டிரிப்டிக் என்ற மூன்று திரை வீடியோ, ஒரு திரையில் பிறப்பு, ஒன்றில் அவருடைய தாயின் மரணம், நடுவில் தண்ணீருக்குள் மிதக்கும் ஆள், அதைப் பார்த்த அன்று நான் சாப்பிடவில்லை. சிறுவனாக ஏரியில் மூழ்கப்போனபோது தண்ணீருக்கு அடியில் அழகைக் கண்டதாகச் சொன்னவர் அவர். அது அவர் கண்டது, அவருக்கு அது உண்மை. ஆனால் மூழ்கியவனின் வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத் தண்ணீரை அழகாக்கிக் காட்ட என்னால் முடியாது. மெதுவாக்கினால் குரலும் வேறு ஆளுடையதாகிவிடும்.

இன்னொன்று. நாம் இரண்டு பேரும் தலையில் வைத்துக் கொண்டாடிய மினமாட்டா படம். அமெரிக்கப் புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி அயிலினும் 1971 முதல் அந்த ஜப்பானியக் கடற்கரை ஊரில் தங்கி, ஆலைக் கழிவின் பாதரசம் மீன் வழியாக மனிதரை எப்படி முடக்கியது என்று எடுத்தார்கள். தாய் மகளைக் குளிப்பாட்டும் அந்தப் படம் உலகத்தையே உலுக்கியது. தாயும் சம்மதித்துத்தான் எடுத்தது. மகள் 1977-ல் இறந்துபோனாள். படம் மட்டும் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளை போதும், இனி ஓய்வெடுக்கட்டும் என்று பெற்றோர் நினைத்தார்கள். 1998-ல் அயிலின் அந்தப் படத்தைப் பற்றி முடிவு செய்யும் உரிமையைப் பெற்றோருக்கே கொடுத்தார். அந்தப் படத்தை எடுத்ததைவிட இதைப் பெரிய காரியமாக நினைக்கிறேன் மக்கா. ஒருதடவை சரி என்று சொன்னால் என்றைக்கும் சரி என்று அர்த்தமில்லை.

அதனால் கொச்சிக்கு அனுப்புவதற்கு முன்னால் அக்காவிடம் மறுபடி கேட்டேன். பெரிய ஹால், வெள்ளைச் சுவர், வெளிநாட்டு ஆட்கள் வருவார்கள் என்றெல்லாம் சொன்னேன். நெடுநேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "அங்கேருந்து ஹார்பருக்கு எவ்வளவு தூரம் தம்பி?" அவருடைய போட்டு கொச்சியில்தான் மீன் இறக்கும். கூடத் தொழில் செய்தவர்கள் இப்போதும் தோப்பும்படி ஹார்பருக்கு வந்துபோகிறார்கள். அவர்கள் பார்க்க வேண்டும், அவர்கள் பார்த்தபிறகு வேறு யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும், பிள்ளையின் முகம் மட்டும் எங்கேயும் வரக் கூடாது. இதுதான் அவள் சொன்னது. நான் ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆகவே உன் வேலை இது. ஹால்காரர்களிடம் பிறகு பேசிக்கொள். முதலில் ஹார்பர் பக்கத்தில் ஒரு அறை பிடி. ஏலக்கூடத்துச் சத்தம் அடங்கிய பிறகு, சாயந்திரம் போதும். நல்ல டிவி ஒன்று, தனி ஸ்பீக்கர் கட்டாயம், டிவிக்குள் இருக்கிற ஸ்பீக்கரில் அந்தக் குரல் கேட்காது. நம் எட்டு ஊர் போட்டுகள் எப்போது கரை பிடிக்கும் என்று அங்கே கமிஷன் கடைகளில் விசாரித்துச் சொல், அதைப் பார்த்து நாள் குறிக்கலாம். அக்காவும் பிள்ளையும் குழித்துறையிலிருந்து என்னோடு ரயிலில் வருவார்கள். இரண்டு ராத்திரி தங்க உன் வீட்டில் வசதிப்படுமா என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது. சுறாக் கருவாடு வேண்டுமா என்று அக்கா கேட்டாள், வேண்டும் என்று உன் பேரில் சொல்லிவிட்டேன்.

உன் கூட்டாளி