தேக்குக் கதவு வேண்டாம், மாப்ளே

வின்னிபெக், கனடா
நவம்பர் 18

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதமும் போட்டோவும் கிடைத்தன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கி, எனக்காக ஒரு பர்மா தேக்குக் கதவுக்கு விலை பேசி வைத்திருக்கிறாய். பித்தளைக் குமிழ், மேலே கஜலட்சுமி. யார் வீட்டை இடித்தார்களோ, பாவம். போட்டோவைப் பார்த்ததும் இவள் "வாங்கச் சொல்லிடுங்க" என்றாள். நான்தான் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன்: வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிவிடு.

காரணம் சொல்கிறேன். போன ஜனவரியில் ஒரு நாள் காலை, வேலைக்குக் கிளம்பப் பூட்டைத் திருப்பினால் அசையவில்லை. தாழ் உள்ளேயே உறைந்துவிட்டது. தலைமுடி காயவைக்கும் மெஷினைப் பிடித்துப் பத்து நிமிடம் ஊதிய பிறகுதான் வாசல் திறந்தது. வெளியே மைனஸ் 35, வீட்டுக்குள் 21. நடுவில் நிற்பது ஒன்றேமுக்கால் அங்குலக் கதவு. கீலின் திருகாணித் தலை ஒவ்வொன்றிலும் வெள்ளையாகப் பனிப்பூ. கதவின் கீழ் விளிம்பில் விரல் தடிமனுக்கு ஐஸ், அதை அடைத்து ஒரு பழைய துண்டு. இந்த ஊரில் 1879 டிசம்பர் 24 அன்று மைனஸ் 47.8 வரை இறங்கியிருக்கிறது. அந்த ரெக்கார்டு இன்னும் முறியவில்லை. முறியவும் வேண்டாம்.

ஐஸுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது தெரியுமா? எங்கள் இட்லிப் பானையிலிருந்து! சமையல் ஆவி, குளியலறை ஆவி எல்லாம் வீட்டிலேயே குளிர்ந்த இடத்தைத் தேடிப்போய் அங்கே நீராகிப் பிறகு உறைகிறது. எங்கள் வீட்டில் அந்த இடம் வாசல். இப்போது அடுப்புக்கு மேலே இருக்கிற மின்விசிறியைப் போடாமல் இட்லி ஊற்றக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் கதவோரமாகப் பிடித்துப் பார்த்தேன். கீழே புகை படுத்துக்கொண்டே கூடத்துக்குள் ஓடியது. சூடான காற்று மேலே ஏறி மாடி வழியாகத் தப்பிக்கிறது, அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று கீழே நுழைகிறது. வீடே ஒரு புகைபோக்கி மாதிரிதான். உங்கள் வீட்டை நினைத்துக்கொண்டேன். வாசலில் நின்றால் முற்றம், இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை தெரியும். காற்று தடையில்லாமல் ஓடட்டும் என்றே கட்டிய வீடு. இங்கே காற்று நுழைய ஒரு நூலளவு சந்து இருந்தாலும் எதிரி.

சரி, தேக்குக்கு வருகிறேன். தேக்கு நல்ல மரம்தான், ஆனாலும் மரம். குளிர்காலத்தில் இங்கே வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும், உதடு வெடிக்கும். கதவின் உள்முகம் சூட்டில் காய்ந்து சுருங்கும், வெளிமுகம் குளிரில் அப்படியே நிற்கும். பலகை வில்லாக வளைந்தால் சுற்றிலும் சந்து. அதோடு, அதே தடிமனில் உள்ளே தெர்மோகோல் மாதிரி நுரை அடைத்த கதவு, மரக் கதவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் குளிரைத் தடுக்கும். இரும்புத் தகட்டுக் கதவு விலை குறைவு, ஆனால் ஐஸ் உருகப் படியில் தூவுகிற உப்பு பட்டுக் கீழே துருப்பிடிக்கும், இடித்தால் நசுங்கும். கடைசியில் ஃபைபர்கிளாஸ் எடுத்தேன். அதன் மேல் தேக்கு ரேகை போல அச்சு வேறு. சிரிக்காதே.

கலரில்தான் சண்டை. இவளுக்கு அடர் மெரூன் வேண்டும். எங்கள் வாசல் தெற்கு பார்த்தது. வெளியே ஏற்கெனவே ஒரு கண்ணாடிக் கதவு உண்டு. வெயில் கண்ணாடி வழியே வந்து இரண்டு கதவுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், அடர் நிறக் கதவு கொதித்துவிடும், அதிலுள்ள பிளாஸ்டிக் சட்டமே நெளிந்துவிடும் என்றார் கதவு போட வந்தவர். இங்கே கோடையில் 30 டிகிரி தாண்டும், அதை மறந்துவிடாதே. மெரூன் ஜெயித்தது, கண்ணாடிக் கதவு போனது. எனக்கு வருத்தமில்லை. பனிப்புயல் அடித்த மறுநாள், வெளிப்பக்கம் திறக்கிற அந்தக் கதவைப் பனிக்குவியல் மறித்துக்கொள்ளும். கராஜ் வழியாகச் சுற்றி வந்து மண்வெட்டியால் வழி செய்தது போதும்.

செப்டம்பர் கடைசியில் மாட்டினார்கள். பழைய வாசல் நிலையைப் பெயர்த்ததும்தான் குட்டு வெளிப்பட்டது. நிலைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்குச் சந்து, அதில் பேருக்குக் கொஞ்சம் கண்ணாடிப் பஞ்சு. படிக்குக் கீழே இருந்த கட்டை, பனி உருகி இறங்கியே உளுத்துப் போயிருந்தது. எத்தனை வருஷமாகப் பலகையைத் திட்டியிருக்கிறேன்! குற்றமெல்லாம் நிலையில். நம் ஊரில் மஞ்சள் குங்குமம் வைத்து, நவதானியம் போட்டுப் பூஜை செய்வது நிலைக்குத்தான், கதவுக்கு இல்லை. ஆசாரிக்குத் தெரிந்தது எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது.

இங்கே நிலையும் கதவும் கீலோடு சேர்ந்து ஒரே துண்டாக லாரியில் வருகிறது. சந்தில் உப்பி இறுகுகிற ஒரு நுரையைப் பீச்சினார்கள். அதில் குறைவாக உப்புகிற ஜாதி வேண்டும், மற்றது அதிகம் உப்பி நிலையையே உள்ளே தள்ளிக் கதவை மூடவிடாது. படிக்கு அடியில் தண்ணீர் இறங்காமல் ஒட்டுகிற விரிப்பு. பூட்டு மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் விழுந்து கதவை இழுத்துப் பிடிக்கிறது. எல்லாம் சேர்த்து நாலாயிரம் டாலருக்கு மேல் ஆனது, வயிறு எரிந்தது. ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் இவள் சத்தமில்லாமல் நிலையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள். திரும்பி வந்தவர் ஏதோ கறை என்று துடைக்கப் போனார், பாய்ந்து தடுத்தோம்.

நேற்று ராத்திரி மைனஸ் 19. ஐந்து டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தேன், நாலு பக்கமும் வரவில்லை. கீல் பக்கம் மட்டும் தொட்டால் இன்னும் சில்லென்றுதான் இருக்கிறது. ஜனவரி வரட்டும், அப்புறம் எழுதுகிறேன்.

உன் பின்கட்டுக் கதவு ஐப்பசி மழையில் உப்பி மூடவில்லை, ஆசாரியை வரச்சொல்லி இழைக்கப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, அவசரப்படாதே. இப்போது இழைத்தால் சித்திரையில் அந்த இடுக்கு வழியாகப் பல்லி உலாவும். தை வரை கயிறு போட்டுக் கட்டி வை. காய்ந்த பிறகும் பிடித்தால் இழைத்துக்கொள்ளலாம்.

ஆச்சிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
மாப்ளே